ஓரக்கோட்டு வாத்தியார்

அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர் என்பவர் ஆடுகளத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும் ஆள். நடுவில் முந்நூறு பவுண்டு எடையுள்ள மனிதர்கள் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். இவர் அந்தத் தள்ளுமுள்ளுக்கு அப்பால், பக்கக் கோட்டை ஒட்டி, ஒரு காலை முன்வைத்துக் காத்திருப்பார். பந்து கைமாறியதும் ஓடுவார். பெரும்பாலும் பந்து அவருக்கு வராது. திரும்பி நடந்து வந்து மறுபடி நிற்பார். ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு முறை பந்து கைக்கு வந்தால் அது நல்ல நாள்.

இந்த ஓரத்து ஆட்களுக்கென்று தனியாக ஒரு பயிற்சியாளர் உண்டு. தமிழ் நண்பர்களிடம் இதைச் சொன்னால் "அட, ஓடிப் போய்ப் பந்து புடிக்கிறதுக்கு ஒரு கோச்சா?" என்பார்கள். உண்டு. கல்லூரி அணியொன்றில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே, தாக்குதலுக்கு ஒருவர், தற்காப்புக்கு ஒருவர் என்று இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள் இருப்பார்கள். ஆட்டத்தின் திட்டம் அவர்கள் கையில். அவர்களுக்கும் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோச். நம் பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால் வைட் ரிசீவர் கோச் டிராயிங் வாத்தியார் மாதிரி. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆண்டுவிழாவுக்குத் தேவைப்படுவார். ஆனால் ஹெட்மாஸ்டர் நாற்காலி காலியானால் யாருக்கும் அவர் ஞாபகம் வராது. கணக்கு வாத்தியாரையோ இங்கிலீஷ் வாத்தியாரையோதான் தேடுவார்கள்.

2008 அக்டோபர் 13, திங்கட்கிழமை. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் டிராயிங் வாத்தியாரைக் கூப்பிட்டு ஹெட்மாஸ்டர் சாவியைக் கொடுத்தார்கள். அந்த வாத்தியாரின் பெயர் டேபோ ஸ்வின்னி. அவர் அதுவரை எந்தக் கல்லூரியிலும் ஒருங்கிணைப்பாளராகக்கூட இருந்ததில்லை. நான் எழுத விரும்புவது அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் அவர் ரிசீவர் கோச்சாக இருந்த ஆண்டுகளைப் பற்றி. அதற்குப் பிறகான வெற்றிகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முழுப்பெயர் வில்லியம் கிறிஸ்டோபர் ஸ்வின்னி. பிறந்தது 1969-இல், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில். அண்ணன் மழலையில் 'தட் பாய்' என்று சொல்ல முயன்றது 'டேபோ' ஆகிவிட்டது. வளர்ந்தது பக்கத்திலிருக்கும் பெல்ஹாம் என்ற ஊரில். அப்பாவுக்குக் கடன், குடி. பெற்றோர் பிரிந்தார்கள். அம்மா கேரல் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு மீண்டவர், பின்னாளில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். மகன் டஸ்கலூசாவில் அலபாமா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இருக்க இடமில்லாத அந்த அம்மா மகனுடைய வாடகை வீட்டுக்கே வந்து அவனோடு ஒரே அறையில் தங்கி, அங்கிருந்து தினமும் பர்மிங்ஹாமுக்குக் காரோட்டிப் போய் வேலை செய்தார். இதை ஸ்வின்னி பல மேடைகளில் சொல்லிவிட்டார். பல தடவை சொல்லித் தேய்ந்த கதைதான். ஆனாலும் அது நடந்த கதை.

அலபாமா அணியில் அவர் 'வாக்-ஆன்'. அதாவது உதவித்தொகை தந்து யாரும் அழைக்கவில்லை. தானே போய்க் கதவைத் தட்டி, தகுதிப் பயிற்சியில் ஓடிக் காட்டி உள்ளே நுழைந்தவர். அப்போது அங்கே ரிசீவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் டாமி பௌடன். பெரிய பயிற்சியாளர் பாபி பௌடனின் மகன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1990-இல் ஜீன் ஸ்டாலிங்ஸ் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது புதிய ரிசீவர் கோச்சாக வந்தவர் வுடி மெக்கோர்வி. எண்பதுகளில் கிளெம்சனில் வேலை செய்துவிட்டு வந்த கறுப்பினப் பயிற்சியாளர். இந்தக் கதையில் எனக்கு ஸ்வின்னியைவிட முக்கியமானவர் இவர்.

மூன்று பருவங்களில் ஸ்வின்னி பிடித்த பந்துகள் மொத்தம் ஏழு. ஓடிய தூரம் 81 யார்டு. 1992 பருவத்தில் அலபாமா தேசிய சாம்பியன் ஆனது; 1993 புத்தாண்டு நாளில் மயாமியை 34-13 என்று வென்றார்கள். அந்த அணியின் வரிசையில் கடைசியில் நின்ற ஒருவராக ஸ்வின்னியும் இருந்தார்.

ஏழு பந்து பிடித்தவன் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுப்பதா என்று கேட்கலாம். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. இயல்பிலேயே வேகமும் உயரமும் உள்ளவன் தான் எப்படிச் செய்கிறேன் என்று யோசிப்பதில்லை. இரண்டும் இல்லாதவன்தான் அடியடியாகப் பிரித்துப் பார்க்கிறான். ரிசீவர் வேலை வெளியிலிருந்து பார்ப்பது போல வெறும் ஓட்டமும் தாவலும் அல்ல. மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். பந்தை உடம்பால் அணைக்கக் கூடாது, விரல்களால் வாங்க வேண்டும். உள்ளங்கைக்குள் வரும்வரை கண் அதைவிட்டு நகரக் கூடாது. ஓடும் பாதை ஒவ்வொன்றுக்கும் இத்தனை அடி என்று கணக்கு உண்டு. அந்த அடியில் திரும்பியே ஆக வேண்டும். ஏனென்றால் குவார்ட்டர்பேக் பல சமயம் இவன் திரும்புவதற்கு முன்பே பந்தை எறிந்துவிடுகிறான். காலியாக இருக்கும் ஓர் இடத்தை நோக்கி எறிகிறான், அங்கே இவன் வந்து சேருவான் என்ற நம்பிக்கையில். ஓர் அடி பிசகினால் பந்து எதிரியின் கையில்.

இதைவிடக் கஷ்டமானது பந்து வராத அறுபது முறையும் அதே வேகத்தில் ஓட வைப்பது. வேறொருவன் பந்தோடு ஓடும்போது அவனுக்காக எதிராளியை மறித்து நிற்க வைப்பது. "எனக்கு ஏன் கோச் பந்து வரல?" என்று முகம் தூக்கும் பத்தொன்பது வயதுப் பையனை அடுத்த சனிக்கிழமைவரை கட்டி மேய்ப்பது. இந்த வேலையில் பாதி, பையன்களின் மனதை அறிவதுதான். மறித்து நிற்பவனை யாரும் பாராட்டுவதில்லை, அவனுடைய கோச்சைத் தவிர.

1993-இல் பட்டம், 1995-இல் எம்.பி.ஏ. படித்துக்கொண்டே ஸ்டாலிங்ஸிடம் பயிற்சி உதவியாளர் வேலை. 1996-இல் முழுநேர உதவிப் பயிற்சியாளர். 1998-இலிருந்து ரிசீவர்களின் பொறுப்பு முழுதும் அவருடையது. தலைமைப் பயிற்சியாளர் இப்போது மைக் டூபோஸ். 1999-இல் அலபாமா ஃபுளோரிடாவை 34-7 என்று நசுக்கித் தென்கிழக்கு மாநாட்டின் பட்டத்தை வென்றது. 2000-இல் நாட்டின் மூன்றாவது சிறந்த அணி என்ற எதிர்பார்ப்போடு தொடங்கி, மூன்றே மூன்று ஆட்டங்களை வென்று எட்டில் தோற்றது. டூபோஸ் போனார். உதவியாளர்களும் போனார்கள். இந்தத் தொழிலின் விதி அது: தலை உருண்டால் கூடவே வாலும் உருளும். வந்த புதியவர் தன் ஆட்களோடு வருவார். ரிசீவர்கள் நன்றாக ஆடினார்களா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஸ்வின்னிக்கு அப்போது வயது முப்பத்தொன்று. 2001 வசந்தத்தில் பர்மிங்ஹாமில் ஏ.ஐ.ஜி. பேக்கர் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் சேர்ந்தார். அலபாமாவில் முன்பு உடற்பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த ரிச் விங்கோ அங்கே இருந்தார், அவர் வழியாக வந்த வேலை. ஷாப்பிங் சென்டர்களில் கடை இடங்களை வாடகைக்கு விடுவது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அந்தச் சமயத்தில் யாராவது அவரைப் பார்த்திருந்தால், கல்லூரி ஆட்டத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுக் குடும்பத்துக்காக ஒழுங்கான வேலைக்குப் போய்விட்ட இன்னொருவர் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படிப் போனவர்கள்தான் அதிகம்.

2003-இல் டாமி பௌடன் கூப்பிட்டார். வாக்-ஆன் பையனாக இருந்தபோது ரிசீவர் கோச்சாக இருந்த அதே பௌடன், இப்போது கிளெம்சனின் தலைமைப் பயிற்சியாளர். வேலை அதேதான்: வைட் ரிசீவர் கோச்.

அந்த முதல் ஆண்டு ஸ்வின்னியிடம் பயின்ற ரிசீவர்களில் ஒருவர் டோனி எலியட். அவரும் வாக்-ஆன். ஒன்பது வயதில் கார் விபத்தில் தாயை இழந்தவர். பொறியியல் படித்துக்கொண்டே ஆடி, அணித்தலைவர்களில் ஒருவராக உயர்ந்தவர். படிப்பு முடிந்ததும் மிஷலின் டயர் நிறுவனத்தில் பொறியாளர் வேலைக்குப் போனார். பிறகு அதை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் ஆனார். இவரிடம் பின்னால் வருகிறேன்.

2004-இல் ஸ்வின்னிக்குக் கூடுதலாக ஆள் சேர்க்கும் ஒருங்கிணைப்பும் வந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இது ஒரு தனி உலகம். உயர்நிலைப் பள்ளிப் பையன் ஒருவனை இருபது முப்பது கல்லூரிகள் துரத்தும். கோச்சுகள் வாடகைக் கார் எடுத்துச் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போவார்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பாட்டி போட்டுத் தரும் உணவைச் சாப்பிட்டு, அம்மாவிடம் பேசுவார்கள். பெண் பார்க்கப் போவதைப் போலத்தான், சொஜ்ஜி பஜ்ஜிதான் இல்லை. அங்கே ஆட்ட வியூகம் பேசி ஒரு பயனும் இல்லை. அந்த அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: என் பிள்ளையை நீங்க பார்த்துக்குவீங்களா? கோச் சொல்வதும் ஒன்றே ஒன்று: பார்த்துக்கிறேன்.

ஒரே அறையில் தாயோடு தங்கிப் படித்த ஒருவருக்கு இந்தப் பேச்சு நடிப்பாக வரவேண்டியதில்லை. வட ஃபுளோரிடாவின் லேக் பட்லர் என்ற சிற்றூரைச் சேர்ந்த சி.ஜே. ஸ்பில்லர், நாடே தேடிய ஓட்டக்காரர். உள்ளூர்ப் பெருங்கல்லூரிகள் எல்லாம் வாசலில் நிற்க, 2006-இல் அவர் கிளெம்சனுக்கு வந்தார். அழைத்து வந்தவர் ஸ்வின்னி. அடுத்த ஆண்டு அவருடைய ரிசீவர் ஏரன் கெல்லி ஒரே பருவத்தில் 88 பந்துகளைப் பிடித்தார். இவையெல்லாம் நடந்தும் ஸ்வின்னியின் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. ரிசீவர் கோச்சின் பெயர் யாருக்குத்தான் தெரியும்?

2008-இல் கிளெம்சன் மாநாட்டையே வெல்லும் என்று பத்திரிகைகள் எழுதின. முதல் ஆட்டத்திலேயே அட்லாண்டாவில் அலபாமாவிடம் 34-10 என்று தோல்வி. அக்டோபர் 9, வியாழக்கிழமை இரவு வேக் ஃபாரஸ்டிடம் 12-7 என்று இன்னொரு தோல்வி. ஆறில் மூன்று வெற்றி, மூன்று தோல்வி. திங்கட்கிழமை பௌடன் விலகினார்.

விளையாட்டுத் துறை இயக்குநர் டெர்ரி டான் ஃபிலிப்ஸ் அந்த இடத்துக்கு இடைக்காலமாக யாரை வைப்பது என்று பார்த்தார். வழக்கப்படி ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவரைத்தான் வைத்திருக்க வேண்டும். ஃபிலிப்ஸ் பயிற்சி நேரங்களில் வந்து ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர். யாரைச் சுற்றிப் பையன்கள் நிற்கிறார்கள், யார் பேசினால் தலை நிமிர்கிறது என்று கவனித்திருக்கிறார். ஸ்வின்னியைக் கூப்பிட்டார். ஸ்வின்னி செய்த முதல் காரியம் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரை நீக்கியது. அன்றுவரை தனக்கு மேலே இருந்தவரை! தன் பழைய இடத்தில், ரிசீவர் கோச்சாக, பயிற்சி உதவியாளராக இருந்த ஜெஃப் ஸ்காட்டை உட்கார வைத்தார். முதல் ஆட்டம் ஜார்ஜியா டெக்கிடம் 21-17 என்று தோல்வி. மிச்சமிருந்த ஐந்தில் நான்கு வெற்றி, அதில் ஒன்று பரம எதிரி தென் கரோலினாவை 31-14 என்று வென்றது. டிசம்பர் 1 அன்று வேலை நிரந்தரமானது.

மற்றவர்கள் இந்த இடத்தில் கதையை வேகமாக ஓட்டுவார்கள். நான் இரண்டு நாள் பின்னால் போகிறேன்.

நவம்பர் 29 அன்று மிசிசிப்பி ஸ்டேட்டில் சில்வெஸ்டர் குரூம் விலகினார். 1932-இல் உருவான தென்கிழக்கு மாநாட்டில் ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது குரூமில்தான் தொடங்குகிறது, அதுவும் 2003 டிசம்பரில்தான். எழுபது ஆண்டுகள். அவர் அலபாமாவில் ஆடியவர், அங்கேயே பயிற்சி தந்தவர். அதே 2003-இன் வசந்தத்தில் அலபாமா வேலை காலியானபோது அவரை விட்டுவிட்டு மைக் ஷூலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மிசிசிப்பி ஸ்டேட்டில் குரூமின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக ஐந்து ஆண்டுகள் இருந்தவர் வுடி மெக்கோர்வி. ஸ்வின்னியின் பழைய வாத்தியார். குரூமின் தலை உருண்டதும் மெக்கோர்வியின் வேலையும் போயிற்று.

ஆக அந்த நவம்பர் கடைசியில், ஒருங்கிணைப்பாளராக ஒரு நாள்கூட இராத மாணவன் முப்பத்தொன்பது வயதில் தலைமைப் பயிற்சியாளர் ஆகிறான். கிளெம்சன், அலபாமா, தென் கரோலினா, டென்னசி, மிசிசிப்பி ஸ்டேட் என்று கால் நூற்றாண்டு ஊர் ஊராக வேலை பார்த்த வாத்தியார் பெட்டி கட்டுகிறார். 2009-இல் ஸ்வின்னி அவரைக் கிளெம்சனுக்கு அழைத்து நிர்வாகப் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

மெக்கோர்வி ஏன் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல நான் வரவில்லை. ஆகாதவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை. ஆனால் கல்லூரிக் கால்பந்தின் ஊழியர் பட்டியல்களைப் பல ஆண்டுகளுக்குப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். கறுப்பினப் பயிற்சியாளர்களுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்டவை ரிசீவர்கள், ஓட்டக்காரர்கள் போன்ற இடங்கள். கூடவே ஆள் சேர்க்கும் வேலை, ஏனென்றால் சேர்க்கப்படும் பையன்களில் பலர் கறுப்பினத்தவர். குவார்ட்டர்பேக்கும் திட்டமும் வேறு ஆட்கள் கையில். தலைமைப் பதவிக்கான படிக்கட்டு அந்தப் பக்கமாகத்தான் இருந்தது. 'ரிசீவர் கோச் என்றால் போதாது, ஒருங்கிணைப்பாளராக இருந்திருக்க வேண்டும்' என்ற எழுதாத விதி யார் யாரை வெளியே நிறுத்தியது என்று யோசிக்காமல், அந்த விதி ஸ்வின்னிக்கு மட்டும் தளர்ந்ததை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. அவர் தகுதியானவர்தான், சந்தேகமில்லை. ஓரத்தில் நின்று பார்க்க ஒரு ஃபிலிப்ஸ் எல்லாருக்கும் வாய்க்கவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. 2010-இல் 6 வெற்றி, 7 தோல்வி. வேலை போய்விட்டது என்றே நினைத்ததாக ஸ்வின்னி சொல்லியிருக்கிறார். ஃபிலிப்ஸ் வைத்துக்கொண்டார். 2011-இல் இருபது ஆண்டுகளுக்குப் பின் மாநாட்டுப் பட்டம். டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ், சாமி வாட்கின்ஸ், மைக் வில்லியம்ஸ் என்று கிளெம்சன் ரிசீவர்கள் வரிசையாகத் தொழில்முறை ஆட்டத்தின் முதல் சுற்றுத் தேர்வில் போனார்கள்.

2017 ஜனவரி 9, டாம்பா. தேசிய இறுதி ஆட்டம், எதிரே அலபாமா. ஆட்டம் முடிய ஒரு நொடி இருக்கையில் டெஷான் வாட்சன் எறிந்த இரண்டு யார்டு பந்தைப் பிடித்து 35-31 என்று முடித்தவர் ஹண்டர் ரென்ஃப்ரோ. ஒல்லியான வைட் ரிசீவர், வாக்-ஆனாக வந்தவர். அன்று ஆட்டத் திட்டத்தை அழைத்துக்கொண்டிருந்தவர் டோனி எலியட், வாக்-ஆன் ரிசீவர். தலைமைப் பயிற்சியாளர், வாக்-ஆன் ரிசீவர். மெக்கோர்வியும் அப்போது கிளெம்சன் நிர்வாகத்தில்தான் இருந்தார். இப்படி ஒரு சினிமா எடுத்தால் நம்ப மாட்டோம். இரண்டாண்டு கழித்து அலபாமாவை மறுபடி 44-16 என்று வென்று, பதினைந்துக்குப் பதினைந்து.

2019-இல் பத்து ஆண்டுக்கு 93 மில்லியன் டாலர் ஒப்பந்தம். இங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. 2014-இலேயே, வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்து இதைத் தொழிலாக்கினால் நான் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன் என்று சொன்னவர் அவர். வாடகைக்குத் திண்டாடிய பையன், பந்து பிடிப்பவனுக்கும் பங்கு வேண்டும் என்பதை ஏற்க அவ்வளவு தயங்கியது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 2021-இல் விதி மாறியது, பையன்கள் தங்கள் பெயரால் சம்பாதிக்கத் தொடங்கினார்கள். அவர் போகவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் எலியட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவருடைய முதல் பருவம் முடியவில்லை. 2022 நவம்பர் 13, ஞாயிறு இரவு, வாஷிங்டனில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு மாணவர்கள் திரும்பி வந்த பேருந்தில் சக மாணவன் ஒருவன் சுட்டதில் மூன்று வீரர்கள் இறந்தார்கள். மூவரில் இருவர் வைட் ரிசீவர்கள். அணி அந்த ஆண்டின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஆடவில்லை. அந்த இருவருக்கும் கோச்சாக இருந்தவர் மார்க்வெஸ் ஹேகன்ஸ். வர்ஜீனியாவிலேயே படித்து, ஆடி, பத்து ஆண்டுகளாக அங்கே ரிசீவர்களைப் பழக்கி வந்தவர். அடுத்த ஆண்டு அவர் பென் ஸ்டேட்டுக்குப் போனார். வேலை அதேதான்.